ஏழு கோட்டையும் காலியான விவரம்

திண்டிவனம்,
2-6-1987

மைத்துனன் பத்மராஜுக்கு, அன்பு பாதியும் கோபம் பாதியுமாக உன் மாமா குணபத்திரன் எழுதுவது.

இங்கே உன் அக்காள் ஜெயமதி சுகம். மண்டி சுகம். மல்லாட்டைக் கடலை வரத்தும் பரவாயில்லை. நான் மட்டும் சுகமில்லை. விழுப்புரத்தில் நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையுமின்றி இருக்க ஜினேந்திர பகவான் அருளட்டும். மரியாதைக்கு எழுத வேண்டியது இத்தோடு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஏழு கோட்டை ஆட்டத்தில் இப்போது என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஏழு கோட்டைக்கும் நானே ராஜா, நானே சேனாதிபதி, வாசலில் நிற்கிற காவலாளும் நானே. யார் மீதாவது படையெடுக்க வேண்டுமானால் நானே போய் முற்றுகை போட்டு, நானே உள்ளேயிருந்து வெளியே வந்து, என்னிடமே சமாதானம் பேசிக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு நிலைமை எந்தச் சக்கரவர்த்திக்கும் வரக்கூடாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை விட்டு மனுஷர்கள் ஏன் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள்? நீ படித்தவன், நாலு ஊர் பார்த்தவன், நீயாவது சொல். எங்கள் மண்டிக் கணக்கர் சீனுவாசன், டி.வி. வந்ததுதான் காரணம் என்கிறார். போனவர்களில் ஒருவர் வீட்டில் மின்சாரமே இல்லை.

இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? மேல்சித்தாமூர்க் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் வழியில் பஞ்சராகி நிற்க, நீயும் நானும் பொழுது போகாமல் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஏழு கோட்டை வரைந்தோம். ஆளுக்கொரு வேஷம். ஒருவர் ராஜா, ஒருவர் சேனாதிபதி, ஒருவர் ஒற்றன். மாதா மாதம் அமாவாசையன்று அவரவர் தம் ஆள் என்ன செய்கிறான் என்று ஒரு கார்டில் எழுதி எனக்குப் போட வேண்டும். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, யார் வென்றார், யார் தோற்றார், எந்தப் பாலம் இடிந்தது என்று முடிவு செய்து எல்லோருக்கும் நான் பதில் எழுத வேண்டும். எவ்வளவு சுலபம்! அன்றைக்கு நீதானே சொன்னாய், "மாமா, இதுக்கு மிஞ்சி ஆட்டமே கெடையாது" என்று? அப்படிச் சொன்ன நீதான் முதல் ஆளாக விலகினாய். ரயில்வேயில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், எழுத நேரமில்லை என்றாய். நான் நம்பினேன். உன்மேல் பரிதாபப்பட்டு உன் கோட்டையை நானே பார்த்துக்கொண்டேன். உன் யானைகளைச் சக்கரவர்த்தியின் கொட்டாரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனது பத்திரமாக இருக்கட்டும் என்பதற்காகத்தான், வேறு எண்ணம் இல்லை. அந்தச் சக்கரவர்த்தி நானாக இருப்பதைப் பற்றியும் நீ அப்போது ஒரு மாதிரியாகப் பேசினாய், ஆட்டத்தை நடத்துகிறவரே ஆடலாமா என்று. ஏன், கல்யாணத்தில் சமைக்கிறவர் சாப்பிடுவதில்லையா?

உனக்கு அடுத்தபடி போனவர் மேல்மலையனூர் நடராசன். கோயிலுக்கு எதிரே தேங்காய்க்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அமாவாசை முத்திரை விழுந்த கார்டுதான் செல்லும், முன்னாலும் போடக்கூடாது, பின்னாலும் போடக்கூடாது என்பது நம் விதி. காலண்டரில் அமாவாசைக்குக் கருப்பு வட்டம் போட்டிருக்கும், யாரும் மறக்க முடியாது என்று யோசித்து நான் வைத்த விதி அது. அந்த மனுஷர் என்னைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "நயினாரே, அமாவாசை அன்னிக்கி எங்க ஊர்ல நிக்க எடம் கெடையாதுங்க. ஜனம் கடைமேல சாய்ஞ்சிக்கினு நிக்கும். நான் தேங்காயப் பாப்பேனா, இல்ல உங்க அகழியத் தாண்டுவேனா? பேஜாரா கீதுங்க. ஒரு நாள் தள்ளி வையுங்களேன்" என்றார். ஒரு ஆளுக்காக நிலாவை மாற்ற முடியுமா? முடியாது என்றேன். கார்டு வராத ஒவ்வோர் அமாவாசைக்கும் விதிப்படி அவர் கோட்டையில் ஒரு சுவரை இடித்தேன், மனசில்லாமல்தான் இடித்தேன். கடைசியில், "என் கோட்டையில இப்ப வாசப்படி மட்டும்தான் நிக்குது, அதையும் நீங்களே வச்சிக்கோங்க" என்று எழுதிவிட்டு நின்றுவிட்டார். எவ்வளவு அவசரம் பார்!

ஒலக்கூர் பச்சைமுத்துவை நானே சேர்த்தேன். மூட்டை எடை போடக் காத்திருந்தவரிடம் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன், மனுஷருக்குக் கண்ணெல்லாம் பிரகாசமாகிவிட்டது. புதிதாக வருகிறவர் ஒரு வருஷம் கோட்டை வாசலில் காவல் நிற்க வேண்டும். எடுத்தவுடனே சேனாதிபதி ஆக்கினால் பழைய ஆட்களுக்கு என்ன மரியாதை? மாதம் தவறாமல், "காவல் காக்கிறேன்" என்று எழுதுவார். "நன்று, தொடர்க" என்று நானும் தவறாமல் பதில் போடுவேன். திடீரென்று ஒரு நாள் மண்டிக்கு வந்து, "நயினாரே, கொல்லையில ராவெல்லாம் பன்னி வெரட்டிக்கினு காவல் காக்கறேன். ஊட்டுக்கு வந்து கார்டு எழுதுனா அதுலயும் காவல். ஒரு எலியையாவது உள்ள உட்டு ஆட்டம் காட்டக் கூடாதா?" என்றார். பொறுமையாக இரும் என்றேன். அவ்வளவுதான், அடுத்த மாதத்திலிருந்து கார்டு இல்லை. கோட்டை வாசல் திறந்தே கிடந்தது. பொறுப்பில்லாத ஜனம்.

இவர்களாவது போகட்டும். அனந்தபுரம் அஜிதநாதன் நம்மவர், ஜைனப் பெரியவர், அவர் செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சக்கரவர்த்தியின் படை அவர் கோட்டையைச் சுற்றி வளைத்தது. விதிப்படி உள்ளே இருக்கிற தானியம் பகலுக்குக் கொஞ்சம், இரவுக்குக் கொஞ்சம் என்று குறைந்துகொண்டே வர வேண்டும், ஒழிந்ததும் கோட்டை விழ வேண்டும். அவரோ, "என் வீரர்கள் நம்மவர்கள். பொழுது போனபின் ஒரு பருக்கை தொடமாட்டார்கள். ஆகவே பாதித் தானியம் மிச்சம்" என்று எழுதினார். படித்ததும் எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, ஒத்துக்கொண்டேன். அதன் பிறகு பார்த்தால் உள்ளே இருக்கிறவர்கள் கொழுகொழுவென்று இருக்கிறார்கள், வெளியே என் படை பட்டினியில் வாடுகிறது. எத்தனை மாதம்தான் ஒரு சக்கரவர்த்தி பொட்டல் காட்டில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பான்? ஆகவே ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவந்தேன். இனி எல்லாக் கோட்டை வீரர்களும் இரவிலும் சாப்பிடுவார்கள் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார். வாசலில் நின்றபடியே, தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "ஆயிரம் பேர் விரதத்த ஒரே கார்டுல கெடுத்துட்டியே, குணபத்திரா! உங்கப்பா இருந்தா இத எழுதியிருப்பியா?" என்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். ஐயா, அவர்கள் காகிதத்தில் இருக்கிற ஆட்கள்தானே என்றேன். "காயிதத்துல இருக்கறவனுக்கு வயிறு இருக்குதுன்னா விரதமும் இருக்கும்!" என்று சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார். உன் அக்காள் எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். அவள், "பெரியவர் சொல்றதுல இன்னா தப்பு? ராத்திரி உங்க ஆளுங்களுக்குப் பசிச்சா நீங்களே அடுப்பு மூட்டி ஆக்கிப் போடுங்க" என்றாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் என் பேச்சுக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று.

மிஞ்சியது தையல் டீச்சர் கிருஷ்ணவேணி ஒருத்திதான். அந்தப் பெண்ணின் மூளையைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். என் படை முழுவதும் அஜிதநாதன் கோட்டைக்கு வெளியே பட்டினி கிடந்த நேரம் பார்த்து, ஆற்று மணலில் இறங்கி நேராகத் தலைநகரத்துக்கே வந்துவிட்டாள். அரண்மனையில் சக்கரவர்த்தியும் ஒரு கிழட்டு யானையும் மட்டும்தான். நான் என்ன செய்வேன்? அன்று பார்த்து ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. அவள் குதிரைகள் எல்லாம் அடித்துக்கொண்டு போயின. நான் வருத்தம் தெரிவித்தும் எழுதியிருந்தேன். அவள் கார்டு போடக்கூட இல்லை, மண்டிக்கே வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்று, "சார், சித்திரை மாசத்துல எந்த ஆத்துல சார் வெள்ளம்? எங்க தெருவுல குடிக்கவே தண்ணி வர்ல. தோத்துட்டேன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தீங்கன்னா நான் இன்னும் பத்து வருஷம் ஆடியிருப்பேன்" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கூலியாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல் நாட்டில் மழை பெய்திருக்கலாம் என்கிற பதில் அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்குத் தோன்றியது.

போன அமாவாசைக்கு ஒரு கார்டும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மண்டி வாசலில் நிற்காமல் போனது. மறுநாளும் நிற்கவில்லை. உன்னிடம் மறைப்பானேன், பத்மராஜ், நானே தபாலாபீசுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். பொழுது விடிந்தால் மூட்டை, தராசு, ஈரம் இருக்கிறது, சொத்தை இருக்கிறது என்கிற வாய்ச்சண்டை. மண்டியில் நான் நயினார், வீட்டில் "இன்னாங்க". அந்தக் கார்டுகளில் மட்டும்தான் "மாமன்னர் சமூகத்துக்கு" என்று தொடங்கி எழுதுவார்கள். பச்சைமுத்துகூட அப்படித்தான் எழுதுவார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, எதிரே யார் வந்து எவ்வளவு பேரம் பேசினாலும் கோபப்படாமல் ஒரு வாரம் ஓட்டிவிடுவேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நேற்று பச்சைமுத்து மூட்டை கொண்டுவந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். விளைச்சல் நல்லதோ என்று கேட்டேன். "விளைச்சல் கெடக்குது நயினாரே, யானைப்படைக்குத் தலைவனாக்கிட்டாங்க! முதல் மாசத்துலியே!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எந்த யானை, யார் ஆக்கியது என்று பிடித்து உலுக்கினேன். "விழுப்புரத்துல உங்க மச்சான் நடத்தறாருங்களே, அந்த ஆட்டம்... உங்களுக்குத் தெரியாதுங்களா? அப்ப நான் ஜல்தியா போவணும்" என்று எடைகூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

ஷிப்ட் மாறிவிட்டதா, பத்மராஜ்? எழுத நேரமில்லையா?

வீட்டுக்குப் போய் உன் அக்காளிடம் உன் துரோகத்தைச் சொல்லி ஆறுதல் தேடலாம் என்று பார்த்தால், அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டே நிதானமாக, "தெரியுமே. நான் அங்க நாலாவது கோட்டைக்கு ராணி" என்கிறாள்! மாதா மாதம் தம்பிக்குக் கடுதாசி என்று கொடுப்பாள். கூடப்பிறந்த பாசம் என்று நினைத்து நானே என் கையால், என் கார்டுகளோடு சேர்த்து, தபால் பெட்டியில் போட்டுவந்தேன். என் மனைவியின் படையெடுப்புக்கு நானே தூதுவனாக இருந்திருக்கிறேன். கேட்டால், "அங்க எல்லாரும் ஒத்துமையா கீறாங்க. பௌர்ணமிக்குத்தான் கார்டு, நடராசனுக்குத் தோதா. அஜிதநாதன் ஐயா ஆளுங்க ராத்திரி சாப்புடறதில்ல, அதனால பொழுது போனா சண்டையும் கெடையாது. எந்தம்பி நடத்தறான், ஆனா ஆடறதில்ல" என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இது நியாயமா? நான் வகுத்த விதிகள், நான் வளர்த்த ஆட்கள். கேட்டதையெல்லாம் கொடுத்துக் கெடுக்கிற ஆட்டம் எத்தனை நாள் ஓடும்? எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இன்று காலை வரைபடம், விதிகள், பழைய கார்டுகள் எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டேன். ஏழு கோட்டையும் சாம்பல். இனிமேல் ராஜா, சேனாதிபதி என்று யாராவது வாயெடுத்தால் மண்டிக்குள்ளே விடமாட்டேன். உன் ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். ஆடி மாதம் அக்காளைப் பார்க்க வந்தால் வா, சாப்பிடு, அக்காளோடு பேசு, என்னிடம் மழையைப் பற்றி மட்டும் பேசு.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. கோபம் இருந்தாலும் ஆசியில் குறை வைக்கவில்லை. எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
இனி எதற்கும் சக்கரவர்த்தி அல்லாத,
குணபத்திரன்

பி.கு.: ஒலக்கூரில் சுப்பராயலு என்று எனக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். உன் ஆட்டத்தில் சேர ரொம்பவும் ஆசைப்படுகிறார். கோட்டை வாசலில் காவல் நிற்கக்கூடத் தயார், எத்தனை மாதமானாலும் சரி என்கிறார். கையெழுத்து என்னுடையது போலவே இருக்கும், இருவரும் ஒரே வாத்தியாரிடம் படித்தோம். வருகிற பௌர்ணமிக்குள் பதிலை என் மண்டி முகவரிக்கே போட்டுவிடு, அவருக்கு நான் சேர்த்துவிடுகிறேன். உன் அக்காளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். ஏழு கோட்டையும் உள்ள நல்ல வரைபடம் ஒன்றும் அவரிடம் கொஞ்சங்கூடக் கருகாமல் இருக்கிறதாம், வேண்டுமானால் அனுப்புவார். பொழுது போனபின் அவர் ஒரு பருக்கை தொடமாட்டார். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார்: ஆற்றங்கரைப் பக்கம் மட்டும் நிறுத்த வேண்டாமாம், கிருஷ்ணவேணி டீச்சருக்குத் தெரிந்துவிட்டால் எந்த மாதம் வெள்ளம் வரும் என்று சொல்ல முடியாதாம்.