நான் நிஜமாகவே இருக்கிறேன், ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். தாங்களும் அலுவலகத்தில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் பாதி நலம். மீதிப் பாதி தூக்கத்துக்கு ஏங்கிக் கிடக்கிறது.

நான் தையல் கடையில் வேலை செய்கிறேன். துணியில் கத்திரி வைக்கும் முன் பழைய செய்தித்தாளில் அளவு வெட்டிப் பார்ப்போம். சென்ற வாரம் ஒரு சட்டைக்கைக்காக உங்கள் பத்திரிகைத் தாளை விரித்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு வரி: "வண்டி வராவிட்டாலும் குப்பை வந்துகொண்டுதான் இருக்கிறது." எங்கேயோ கேட்ட பேச்சாக இருக்கிறதே என்று பார்த்தால், நான் பேசியது! பக்கத்தில், 'சந்தையில் நின்றிருந்த, பெயர் கூற விரும்பாத இளம்பெண்' என்று போட்டிருந்தது.

ஐயா, நான் உங்கள் பகுதிநேர நிருபரின் தங்கை. அக்காவை நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதழியல் வகுப்புக்கும் உங்கள் வேலைக்கும் நடுவே ஓடி ஓடி, விடுமுறை விட்டால் மூச்சு விடலாம் என்றிருந்தாள். கல்லூரியிலோ தடித்தடியாக மூன்று புத்தகங்களைக் கொடுத்து, விடுமுறை முடிந்து திறந்த அன்றே தேர்வு என்று அனுப்பிவிட்டார்கள். நீங்களோ லீவுதானே என்று முழுநாள் வேலை கொடுத்துவிட்டீர்கள். அதனால் நள்ளிரவில் சமையலறையில் அவள் செய்தி அடிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை உரக்கப் படிக்கிறேன். "அந்த எடத்த மறுபடி படிடி" என்பாள். படித்தால் குறட்டை கேட்கும். ஒருநாள் புத்தகத்தில் இருந்த யுத்தம் செய்திக்குள் புகுந்து, காய்கறி விலையேற்றத்தில் நாலாயிரம் வீரர்கள் மடிந்ததாக அடித்துவிட்டாள். நல்லவேளை, நான் பார்த்தேன்.

செய்தியின் கடைசியில் பொதுமக்கள் கருத்து என்று ஒன்று வேண்டுமாம். அந்த நேரத்தில் பொதுமக்களில் விழித்திருப்பது நான் ஒருத்திதான்.

"ஏய், குப்பை வண்டி வராததப் பத்தி என்னடி நெனைக்கிற?"

"என்னத்த நெனைக்க? வண்டி வராட்டியும் குப்பை வந்துட்டுத்தானே இருக்கு."

சும்மா கேட்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். தாளைக் காட்டி, "ஏங்க்கா எம்பேரப் போடல?" என்றேன். "போட்டா நீ வெக்கத்துலயே செத்துப்போயிடுவடி" என்றாள். அது சரிதான்.

நேற்று நீங்கள் அக்காவிடம் போனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "பஸ் ஸ்டாப்புல அந்தப் பேர் சொல்லாத பொண்ணு, சந்தையில அவ, ஆஸ்பத்திரியிலயும் அவளா? அந்தப் பொண்ணுக்கு வேற வேலையே இல்லையாம்மா? இல்லாத ஆளப் பேச வெக்கிறது செய்தி இல்ல, கதை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அவள எம்முன்னாடி நிறுத்து. இல்லன்னா நீயும் வரவேணாம்."

ஐயா, பேசியதெல்லாம் நான்தான். சந்தை, பஸ் ஸ்டாப் என்று போட்ட இடம் மட்டும் பொய். நான் இருந்தது எங்கள் சமையலறையில். அது தப்புதான், இனி நடக்காது. ஆனால் நேரில் வா என்றால் முடியாது. வாடிக்கையாளர் "சட்டை ரெடியா?" என்று கேட்டாலே மெஷினுக்கு அடியில் நூல் தேடப் போய்விடுவேன். "இந்தப் பொண்ணு வாயத் தொறக்கறதுக்குள்ள சட்டை பழசாயிடும்" என்பார் எங்கள் மாஸ்டர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் படிக்கிறவள் அக்கா ஒருத்திதான். இந்த வேலை போனால் அவள் படிப்பும் போய்விடும். ஆகவே, நான் நேரில் வந்ததாகவே பாவித்து இக்கடிதத்தை ஏற்றுக்கொண்டு, அவளை வேலையில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் பத்திரிகை பிழையின்றியும் தாங்கள் கோபமின்றியும் நெடுநாள் வாழ வேண்டும். வீட்டில் அனைவருக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்குப் பணிவுடன்,
உங்கள் நிருபரின் தங்கை

பி.கு.: கடிதத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் வந்தேன். "ஆசிரியருக்கு வர்ற லெட்டரெல்லாம் திங்கக்கெழமைதாம்மா பிரிப்பாங்க" என்கிறார். இன்று சனிக்கிழமை. அதனால் மேலே எழுதிய எதையும் நீங்கள் படிக்க வேண்டாம். உங்கள் அறை வாசலில்தான் நிற்கிறேன். ஒருமுறை கதவைத் தட்டினேன், எனக்கே கேட்கவில்லை. இதோ, மறுபடியும் தட்டுகிறேன்.