மருமகனின் அட்டையில் வாங்கிய ஆடிச்சீர்

கடன் வாங்காமல் வாழ்ந்த மனிதனை ஊர் மெச்சும், உறவு மெச்சும். வங்கி மட்டும் மெச்சாது. இவ்வுண்மையை நான் அறிந்துகொண்டது அறுபது வயதைக் கடந்த பின்னரே.

காஞ்சிபுரத்தில் தறிக்கு வேண்டிய உதிரிப் பொருள்களை விற்கும் சிறு கடை என்னுடையது. சரக்கு ஏற்றிச் செல்ல ஒரு சுமை வண்டி வாங்க எண்ணி வங்கிக்குச் சென்றேன். "இதுநாள் வரை எவரிடமும் கடன்பட்டதில்லை" என்று, பாராட்டை எதிர்பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக் கூறினேன். கணினியைப் பார்த்த இளம் அதிகாரியின் முகத்தில் துக்க வீட்டுக் களை படர்ந்தது.

"அதாங்க சார் பிரச்சினை. கடனே வாங்கலன்னா, வாங்கினதைத் திருப்பிக் கட்டுவீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு கிரெடிட் ஸ்கோரே இல்ல."

(எட்டாம் வகுப்பிலும் ஏறத்தாழ இதையே சொல்லித்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.)

என் மகள் கோமதிக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. வாலாஜாபாத்தில் தம் தாயாருடன் வசிக்கும் என் மருமகன், செய்தி கேட்டு மறுநாளே வந்து நின்றார்.

"மாமா, என் கிரெடிட் கார்டுல உங்களுக்கு ஒரு ஆட்-ஆன் கார்டு போட்டுத் தரேன். உங்க பேர்லயே வரும். மாசா மாசம் கொஞ்சம் செலவு பண்ணுங்க, பில்லு வந்ததும் கட்டிடலாம். ஸ்கோர் தானா ஏறும்னு எங்க ஆபீஸ்ல பேசிக்கினாங்க."

அவர் சென்றதும் என் இல்லாள் வாய் திறந்தாள்.

"பொண்ணு குடுத்த எடத்துல நாமதான் குடுக்கணும். அவங்க அட்டையில நீங்க கைய வெச்சா நல்லாவா இருக்குது?"

"கை வைப்பது அட்டையில்தான், பணத்தில் அன்று. பில் வருமுன்பே முழுத் தொகையும் அவர் கைக்குப் போய்விடும்" என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை, நானோ என்னை முழுவதும் நம்பினேன்.

அட்டை வந்தது. என் பெயர் அதில் புடைத்த எழுத்துகளில் பளபளத்தது. சட்டைப் பையில் வைத்தால் அப்பெயர் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக, சில வாரங்கள் மெல்லிய சட்டைகளை மட்டுமே உடுத்தினேன்.

இந்நிலையில் ஆடி மாதம் பிறந்தது. திருமணமான முதல் ஆடியில், பெண்ணைப் பெற்றவர்கள் சீர்த்தட்டுகளோடு சம்பந்தி வீட்டுக்குச் சென்று மகளை அழைத்து வருவது வழக்கம். தட்டின் மேலே போர்த்திய துணியை விலக்கும் அக்கணத்தில்தான் பெண்ணைப் பெற்றவனின் தராதரம் முடிவாகும். சம்பந்தியம்மாள் கண்டிப்பானவர். அவர் முன் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும், அவர் வாயால் கோமதியை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான் என் கவலை.

அப்போது என் மூளையில் ஒரு யோசனை உதித்தது. சீர் முழுவதையும் அட்டையிலேயே வாங்கினால், சீருக்குச் சீரும் ஆயிற்று, ஸ்கோருக்கு ஸ்கோரும் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டேன். வெள்ளி டம்ளர், மகளுக்கு வெள்ளிக் கொலுசு, மருமகனுக்குப் பட்டு வேட்டி என்று கடை கடையாக அட்டையை நீட்டினேன். சம்பந்தியம்மாளுக்கு அரக்கு நிறத்தில் ஓர் அருமையான பட்டுப்புடவை எடுத்தேன். கடைவாசலைத் தாண்டிய பிறகு பில்லைப் பார்த்தேன். விலை என் கணக்கை மீறியிருந்தது. திரும்பிச் சென்று, நிறம் ஒத்துவரவில்லை என்று ஒரு பொய் சொல்லி அதைக் கொடுத்துவிட்டு, விலை குறைந்த மாம்பழ நிறப் புடவையை வாங்கிக்கொண்டேன். யாருக்குத் தெரியப் போகிறது என்ற நிம்மதியோடு வீடு திரும்பினேன்.

மாலையில் வாலாஜாபாத் சேர்ந்தோம். கூடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்களும் அமர்ந்திருந்தார்கள். தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, துணியை விலக்குமாறு சம்பந்தியம்மாளைப் பணிவோடு வேண்டினேன். அவர் கையைக்கூட நீட்டவில்லை.

"எதுக்கு சம்பந்தி தெறந்துக்கினு? மொதல்ல வெள்ளிக் கடை. அப்புறம் வேட்டிக் கடை. அப்புறம் பொடவைக் கடை, அங்க மட்டும் மூணு மெசேஜு. ஒண்ணு வாங்கினீங்க, பணம் திரும்பி வந்துது, மறுபடி கம்மியா ஒண்ணு வாங்கினீங்க. காலைல இருந்து இவன் போன் 'டிங்கு டிங்கு'ன்னு கத்திக்கினே கெடக்குது."

நான் மருமகனைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"கணக்கு எம்பேர்லதானே இருக்குது மாமா, அதான் மெசேஜ் எனக்கு வருது. போன் அம்மா கையில இருந்துது" என்றார் மெல்ல.

"எனக்கு ஒரு சந்தேகம் சம்பந்தி" என்று அம்மாள் தொடர்ந்தார். "எம்புள்ள அட்டையில வாங்கி எம்புள்ளைக்கே சீர் வெச்சா, இது யாரு யாருக்கு வெச்ச சீரு?"

கோமதியின் முகம் சிறுத்துப் போயிற்று. அதைக் கண்டதும் என் அறிவு முற்றிலும் வேலைநிறுத்தம் செய்தது. கணக்கை அங்கேயே தீர்த்துவிடுவோம் என்று, பில்லுக்காக மடியில் கட்டி வந்த பணத்தை எடுத்து, அத்தனை பேர் முன்னிலையில் மருமகனிடம் நீட்டினேன்.

"ஐய, உள்ள வைங்க. பொண்ணு வீட்ல பணம் வாங்கறாங்கன்னு நாளைக்குத் தெருவே பேசும்" என்று பதறினார் சம்பந்தியம்மாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இன்னும் சற்று அருகில் நகர்ந்து அமர்ந்தார்கள்.

பணத்தை உள்ளே வைக்கவும் முடியாமல், நீட்டவும் முடியாமல் நின்றேன். அம்மாள் தட்டுகளின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"மொதல்ல எடுத்த பொடவை இன்னா கலரு?"

"அரக்கு" என்றேன்.

"திருப்பிக் குடுத்ததே நல்லது. அரக்குல எங்கிட்ட ஏகப்பட்டது கெடக்குது" என்று சொல்லி, துணியை விலக்கி, மாம்பழ நிறப் புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கோமதி, அப்பாவுக்குக் காபி குடுமா. மனுசன் வேர்த்து நனைஞ்சிக்கினு நிக்கறாரு."

அன்றிரவு பேருந்தில் கோமதி என் காதருகே சொன்னாள்: "அத்தைகிட்ட அரக்குல ஒரு பொடவைகூட இல்லப்பா."

பில் பணத்தையெல்லாம் மருமகனிடம் சேர்த்துவிட்ட தெம்பில், சில மாதங்கள் கழித்து, நிமிர்ந்த நெஞ்சோடு மீண்டும் வங்கிக்குச் சென்றேன். அதே அதிகாரி கணினியைப் பார்த்தார். அதே துக்கக் களை. ஆட்-ஆன் அட்டையில் நான் செய்த செலவெல்லாம் முதன்மை அட்டைக்காரரின் கணக்கிலேயே சேருமாம். ஆக, சீரும் மருமகனுக்கு, ஸ்கோரும் மருமகனுக்கு. பிறகு அவ்வதிகாரியே வழி சொன்னார். வைப்புத்தொகை ஒன்றைப் பிணையாக வைத்து என் பெயரிலேயே ஓர் அட்டை பெற்றேன். தவறாமல் கட்டி வந்ததில் ஸ்கோர் முளைத்தது; சுமை வண்டியும் வந்தது.

அடுத்து வந்த பொங்கல் சீரை என் சொந்த அட்டையில், பெருமிதத்தோடு வாங்கிச் சென்றேன். அம்மாள் வாசலிலேயே குறைபட்டுக்கொண்டார்.

"இன்னா சம்பந்தி, ஒரு மெசேஜும் வரலயே. இன்னா வாங்கறீங்கன்னு தெரியாம எனக்குப் பொழுதே போகல."

அன்று முதல், சீர் வாங்கும் நாளில் ஒவ்வொரு கடையை விட்டு வெளியே வந்ததும் அவருக்கு நானே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுகிறேன். பொருளை எழுதுவேன், விலையை எழுதுவதில்லை. புடவைக் கடையிலிருந்து அனுப்பினால் மட்டும் உடனே பதில் வரும்: "தெருமுனை தாண்டிட்டு சொல்லுங்க சம்பந்தி, மறுபடி கடைக்குத் திரும்பிடப் போறீங்க."