அசையாத தக்கை

அன்புள்ள மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் உன் வீட்டாரும் குறைவின்றி இருக்க வேண்டுகிறோம்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீ அனுப்பிய ஒயின் பாட்டில் பத்திரமாக வந்தது. உன் அக்கா அதை ஜன்னலோரம் வைத்தாள். அதன் பச்சை வெளிச்சம் மேசைவிரிப்பில் சின்னக் குளம்போல் கிடந்தது. “இதையெல்லாம் நாவல்லதான் குடிச்சிருக்கேன். ஒரு தடவை நிஜமா குடிச்சுப் பாக்கணும்ங்க” என்றாள். நாற்பது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட மூன்றாவது பொருள் இது. முதல் இரண்டையும் நான் வாங்கித் தரவில்லை. ஆகவே தக்கை பிடுங்கும் திருகி வாங்கப் பாத்திரக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் காட்டியதில் ஒன்று இரண்டு கைகளையும் தூக்கி நாட்டியம் ஆடியது. மயங்கி அதையே வாங்கினேன். வீட்டில் அது கையைத் தூக்கியது, இறக்கியது, தக்கையில் கொஞ்சம் தூளை மட்டும் கொண்டுவந்தது. மறுபடி ஓடி, வெறும் கைப்பிடித் திருகி ஒன்று வாங்கிவந்து, பாட்டிலை முழங்காலுக்கிடையில் இடுக்கி இழுத்தால், தக்கை இருந்த இடத்தில் இருக்க, நான் நாற்காலியோடு சமையலறை வாசல்வரை போய்விட்டேன். சத்தம் கேட்டு மாடியில் குடியிருக்கும் ஓட்டல் சர்வர் இறங்கிவந்தார்.

“சார், சுருளைப் பாருங்க. நடுவுல தீக்குச்சி நுழையற மாதிரி இருக்கணும். உங்களுது வெறும் ஆணி. குடையும், பிடிக்காது” என்று தன் மடக்குத் திருகியை நீட்டினார்.

நிதானமாகத் திருகி, பாட்டில் விளிம்பில் முட்டுக்கொடுத்து நெம்பினேன். பெருமூச்சுபோலத் தக்கை வெளியே வந்தது. பிறகு அறையே மெல்ல மிதந்தது. திரைச்சீலை எங்கேயோ போவதுபோல் அசைந்தது. உன் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, “உங்களோட இருந்த வருஷமெல்லாம் ஒரே மத்தியானம் மாதிரி போயிடுச்சுங்க” என்றாள்.

நீ வாங்கினால் மடக்குத் திருகியே வாங்கு. உன் வீட்டில் எல்லாம் இழுத்தவுடன் வர ஆசீர்வதிக்கும்,
உன் அத்தான்.

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். நேற்று இதைத் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். நாற்காலி போனவரைக்கும் நிஜம். போன இடத்திலேயே உன் அத்தான் தூங்கிவிட்டார். மாடிக்குப் போய்த் திருகி வாங்கிவந்து திறந்தது நான். எழுப்பி அரை டம்ளர் கொடுத்தேன், குடித்துவிட்டு மறுபடி தூங்கினார். அந்த மத்தியானப் பேச்சை நான் பேசவே இல்லை. ஆனால் இன்று காலையில், “நான் அப்படிச் சொன்னது ஞாபகமிருக்கா?” என்று நானே அவரிடம் கேட்டுவைத்தேன். நீ காட்டிக்கொடுத்துவிடாதே.