கூடைக்குள் ஒரு சாட்சி

ஊ… என்று சங்கு அலறியது. தொழிற்சாலைச் சங்கு அல்ல. கெலமங்கலம் சாலையில் சேனாபதி சாமி தன் தகரக் கொட்டகைக்கு வாங்கி மாட்டிய சங்கு. காலை ஏழரைக்கே இருநூறு பேர். எல்லாரும் எச்.ஐ.வி. உள்ளவர்கள், அல்லது அவர்களின் சொந்தக்காரர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஏமாற ஆள் இருந்தது. சாமிக்கும் மூன்றும் சரளம்.

படம் பிடித்துவிடுவார்களாம். அதனால் எல்லாருடைய செல்போனும் மேடைக் கூடையில். முன்மாதிரியாக முதல் போனைப் போட்டது, சாமியால் குணமானதாகச் சொல்லும் சாட்சி சுரேந்தர்.

"உடம்புக்குள்ள டி செல்னு ஒரு படை இருக்கு. இந்தக் கிருமி அந்தப் படையோட தளபதிங்களையே பிடிச்சுக்குது. என் விபூதி அவங்கள மீட்டுடும். மாத்திரை டப்பாவ யாகத்துல போடுங்க" என்றார் சாமி.

பாதி உண்மை சொல்வதில் சாமி கெட்டிக்காரர். மீதிப் பாதியில்தான் பிழைப்பு.

சுரேந்தர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஆட்டினான். "ஒரு வருஷமா மாத்திரைய தொடல. தளபதி செல்லு எழுநூறு இருக்கு." கைதட்டல்.

மத்தூர் ஆனந்தராஜ் டப்பாவோடு யாகக் குண்டத்துக்கு நடந்தான். மூன்று வருடம் ஒழுங்காக மாத்திரை போட்டு ஆள் தேறியிருந்தான். அவன் அக்கா மணிமேகலை குறுக்கே வந்து நின்றாள். ஓசூர்த் தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் தரம் பார்ப்பவள். சோதிக்காமல் எதற்கும் ஓகே சொல்லமாட்டாள்.

"வழி விடுக்கா. தினம் முழுங்கி அலுத்துப்போச்சு."

"டேய், மாத்திரை கிருமிய பெருக விடாம வச்சிருக்கு. அதான் உன் படை திரும்ப வளந்திருக்கு. ஆனா கொஞ்சம் கிருமி அந்தச் செல்லுங்களுக்குள்ளயே தூங்குது. நீ நிறுத்தினா சில வாரத்துல எழுந்து, திரும்பவும் படையத்தான் அழிக்கும்."

"சந்தேகப்பட்டா விபூதி பலிக்காதும்மா" என்றார் சாமி. வசதியான விபூதி.

மணிமேகலை கூடையைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சரிங்க சாமி. எட்டு மணி வரைக்கும் பொறுங்க, அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் நானே டப்பாவ போட்டுடறேன்."

சாமி பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

எட்டு அடித்ததும் கூடை அலறியது. மாத்திரை நேரம் மறக்காமல் இருக்க அவரவர் வைத்திருந்த அலாரம். பதினைந்து பேர் ஓடிவந்து தங்கள் போனை எடுத்து நிறுத்தினார்கள். ஒன்று மட்டும் நிற்காமல் அடித்தது. மணிமேகலை அதைத் தூக்கிக் காட்டினாள். திரையில் 'மாத்திரை' என்ற எழுத்து. அதன் பின்னால், சாமியோடு கைகோத்துச் சிரிக்கும் சுரேந்தரின் படம்.

மூளைக்கும் இப்படி ஓர் அலாரம் வைத்துக்கொண்டால், தினம் ஒரு தடவையாவது வேலை செய்யும்.

ஆனந்தராஜ் டப்பாவைத் திறந்து அன்றைய மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டான். "ஏங்கண்ணா, விபூதிக்கும் அலாரம் உண்டா?"

சுரேந்தர் சாமியைப் பார்த்தான். சாமி கூரையைப் பார்த்தார்.

"சாமிதாங்க சொன்னாரு, யாரு நிறுத்தினாலும் நீ மட்டும் ஒருநாள்கூட நிறுத்திடாத, செத்துப்போயிடுவடான்னு."