மேங்கோவின் வேரும் வெங்கடம்மாவின் லோடும்

சொல்வேர்தோண்டி என்றொரு மனித இனம் உண்டு. பார்வைக்கு நம்மைப் போலத்தான் இருக்கும். ஒரு இங்கிலீஷ் வார்த்தை காதில் விழும்வரை அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. விழுந்ததோ, போச்சு. கையிலிருக்கும் டீ கிளாஸைக் கீழே வைக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றும், உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும், "இந்த வார்த்தை எங்கேர்ந்து வந்தது தெரியுமா?" என்று கேட்கும். தெரியும் என்று சொல்லிப் பாருங்கள். "அது தப்பு" என்று ஆரம்பிக்கும்.

ஆந்திர எல்லையில், எங்கள் வடமாலபேட்டைப் பக்கத்துத் தோண்டி ஹேமநாத் சார். கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஏக்கர் மாந்தோப்பும் போனில் ஏழு அகராதிகளும் உண்டு. ஒருநாள் புத்தூர் போக நின்றிருந்த என்னிடம், பஸ் என்பது ஒரு நீளமான லத்தீன் சொல்லின் வால், முழுச் சொல்லுக்கு 'எல்லாருக்கும்' என்று பொருள் என விளக்கினார். அவர் லத்தீனை முடிப்பதற்குள் எல்லாருக்குமான அந்த பஸ் என்னைத் தவிர எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எனக்குக் கோபம் வந்ததா? இல்லை. அடுத்த பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் அதையே நான் சொன்னேன்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். போன ஜூன் மாதம் வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூனில் எங்கள் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காயெல்லாம் ஒன்றாக முற்றும். அத்தனையும் டிராக்டர் ஏறி ஜூஸ் ஃபேக்டரி வாசலில் வரிசை கட்டும். போன வருஷ வரிசை ஒன்றரை கிலோமீட்டர். மூன்று நாள் நின்ற பிறகும் வெங்கடம்மாவின் டிராக்டர் நாற்பத்தோராவது இடத்தில் இருந்தது. அவள் அதுவரை பிறர் தோப்பில் கூலிக்குக் காய் பறித்தவள். சொந்தமாகக் கிடைத்த ஒன்றரை ஏக்கரில் ஏழு வருஷம் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்களின் முதல் முழுக் காய்ப்பு அது. அடியில் இருந்த காய்கள் நசுங்கிச் சாறு வழிய ஆரம்பித்திருந்தது. அழுகல் கண்ணில் பட்டால் லோடையே திருப்பிவிடுவார்கள்.

அன்று பதினோரு மணிக்குச் சித்தூரிலிருந்து தோட்டக்கலை அதிகாரி மேடம் ஜீப்பில் வந்தார். பத்து நிமிஷம்தான் இருக்கிறது, ரொம்ப மோசமான நிலையில் இருக்கிற ஐந்து டிராக்டர்களின் நம்பரைச் சொன்னால் உடனே உள்ளே விடச் சொல்கிறேன் என்றார். சொன்னது தெலுங்கில். எங்களில் தெலுங்கு தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆனால் அதிகாரியிடம் பேசுவதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: விஷயம் தெரிந்தவர் பேசக்கூடாது, இங்கிலீஷ் தெரிந்தவர்தான் பேச வேண்டும். ஹேமநாத் சாரை முன்னால் தள்ளினோம்.

வெங்கடம்மா ஒரு சீட்டை அவர் கையில் திணித்தாள். "அண்ணா, அஞ்சு நம்பரும் இதுல கீது. இத மட்டும் சொல்லிடுண்ணா. காயெல்லாம் ஒழுகிக்கினு கீது."

"ரெண்டே நிமிஷம்மா," என்று சீட்டைச் சட்டைப்பையில் வைத்தார். தொண்டையைச் செருமினார். "மேடம், திஸ் மேங்கோ..."

அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. மேங்கோ என்பது இங்கிலீஷே இல்லை, நம்முடைய மாங்காய்தான், மிளகு வாங்க மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் அதை மாங்கா என்று கேட்டுக்கொண்டு போக, அவர்களிடமிருந்து இங்கிலீஷ்காரர் வாங்கி வாலை மாற்றி மேங்கோ ஆக்க, பழம் அந்தக் காலத்துக் கப்பலில் தாங்காது என்பதால் ஊறுகாயாகவே கடல் கடக்க, பழத்தைக் கண்ணாலும் பார்த்திராத அமெரிக்காக்காரர்கள் ஊறப்போட்ட எதையும் மேங்கோ என்று சொல்லப் பழகி, கடைசியில் அங்கே சில ஊர்களில் குடைமிளகாய்க்கே மேங்கோ என்று பேர் வந்துவிட்டதாம்.

"கேப்சிகமா? நிஜங்கா?" என்று மேடம் வியந்து நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார்.

"அண்ணா, நம்பரு..." பின்னாலிருந்து வெங்கடம்மாவின் குரல்.

"இரும்மா, சாரு பேசிக்கினு கீறாரு இல்ல?" என்று யாரோ அதட்டினார்கள்.

"அப்போ நெஜ மாங்காய அவங்க இன்னான்னு சொன்னாங்க சார்?" என்று கேட்டவன் நான். அந்தப் பதிலுக்கு நாலு நிமிஷம் ஆனது. அதற்குள் மேடத்துக்கு மீட்டிங் போன் வந்தது. ரொம்ப நல்ல விஷயம் சொன்னீர்கள் என்று கும்பிட்டு ஜீப்பில் ஏறினார். நோட்டில் குடைமிளகாய் போயிற்று. நம்பர்கள் சட்டைப்பையிலேயே இருந்தன.

மறுநாள் காலையில் வெங்கடம்மாவின் டிராக்டர் கேட்டை எட்டியது. சூப்பர்வைசர் ஒரு காயை அமுக்கிப் பார்த்தார், விரலைத் துடைத்துக்கொண்டு வேண்டாம் என்று கையை ஆட்டினார். லோடு முழுவதையும் ரோட்டோரம் கொட்ட வேண்டியதாயிற்று. ஏழு வருஷத்தைக் கொட்டி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் வெட்கத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஹேமநாத் சாரும் தன் லோடைக் கொட்டினார். அவருடைய டிராக்டர் நம்பரும் அந்தச் சீட்டில்தான் இருந்தது, மூன்றாவதாக.

வெங்கடம்மா அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, அந்த வார்த்தைய நம்மகிட்டேர்ந்து எடுத்துக்கினு போனாங்கன்னியே, கூடவே என் காயயும் எடுத்துக்கினு போயிருந்தா இன்னாவாம்?"

ஹேமநாத் சார் சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, அப்போதுதான் பிரித்துப் படித்தார்.

இனி உங்களிடம் வருகிறேன். இன்று மாலைக்குள் அந்தக் குடைமிளகாய் விஷயத்தை யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். தலையை ஆட்டாதீர்கள், எனக்குத் தெரியும். தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. வெங்கடம்மாவின் டிராக்டர் வரிசையில் எத்தனையாவது?

மேலே பார்க்காமல் சொல்லுங்கள்.