வருடத்துக்கு மூன்று புத்தாண்டு

ஆரம்பசூரர் என்ற இனம் உலகமெங்கும் உண்டு. ஆனால் அது கொழுத்துச் செழிப்பது எங்கள் கொரியாவில்தான். ஏன் என்கிறீர்களா? மற்ற ஊர்க்காரர்களுக்கு வருடத்துக்கு ஒரு புத்தாண்டு, எங்களுக்கு மூன்று! ஜனவரி ஒன்றாம் தேதிச் சபதம் மூன்றாம் நாள் மூச்சை விட்டால் என்ன, சில வாரத்தில் நிலாக் கணக்குப் புத்தாண்டு வருகிறது. அதையும் கோட்டை விட்டால் மார்ச்சில் பள்ளிக்கூடம் திறக்கிறது. பேரன் ஒன்றாம் வகுப்பில் சேரும் அன்றே தாத்தாவும் புது வாழ்க்கையில் சேர்ந்துகொள்ளலாம்.

ஜொன்ஜு நகரத்து பியோ மான்-ஹோ இந்த இனத்தின் தலைமகன். முப்பது வருடம் பேருந்து ஓட்டி, அதாவது உட்கார்ந்தே ஊர் சுற்றி, ஓய்வு பெற்றவர். டிசம்பரில் மருத்துவர் சர்க்கரையை அளந்து பார்த்துவிட்டு, "தினமும் நடங்க. மே மாசக் கடைசியில பாப்போம். குறையலைன்னா ஊசிதான்" என்று சொல்லிவிட்டார். மான்-ஹோவுக்கு ஊசி என்றால் எமன். ராணுவத்தில் தடுப்பூசி வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவனுக்குக் குத்தியதைப் பார்த்தே மயங்கி விழுந்தவர் அவர்.

நடந்தாரா? முதலில் கடைக்குப் போனார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்று இருநூறு மீட்டர் உயரம். எழுபது வயதுப் பெண்கள் பேசிக்கொண்டே ஏறி இறங்குவார்கள். அதற்காக மான்-ஹோ காற்றுப் புகாத மேல்சட்டை, பனியில் வழுக்காத காலணி, இரண்டு ஊன்றுகோல், முகமூடி, முழங்கால் பட்டை எல்லாம் வாங்கி மாட்டிக்கொண்டு, படம் எடுத்து, பழைய ஓட்டுநர்களின் கைபேசிக் குழுவில் போட்டார். "இன்று முதல் புதிய மான்-ஹோ!" நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அவ்வளவுதான், பாதி மலை ஏறிய நிறைவு வந்துவிட்டது. மீதிப் பாதியை அடிவாரத்துக் கடையில் வெங்காயத்தாள் அடையும் ஒரு கெண்டி அரிசிக் கள்ளுமாகக் கொண்டாடித் தீர்த்தார்.

"மேல போகலியா அண்ணே?" என்றாள் கடைக்காரி.

"உடம்ப மெதுவாப் பழக்கணும்மா. இன்னொரு அடை போடு."

மூன்றாம் நாள் மழை. ஒரு நாள் தவறினால் நமக்கெல்லாம் ஒரு நாள்தான் போகும். ஆரம்பசூரருக்கு முழு வருடமும் தீட்டாகிவிடும். கறை பட்ட சபதத்தைக் கையால் தொடமாட்டார். புதுச் சபதம்தான் வேண்டும், அதுவும் நல்ல நாளில். நிலாப் புத்தாண்டுச் சபதத்தை மச்சான் வந்து கெடுத்தான். மார்ச்சுச் சபதத்தைக் கெடுக்க யாரும் வராததால் அவரே கெடுத்துக்கொண்டார். அவர் காலை வாரிவிட எதிரி எதற்கு? சொந்தக் கை இரண்டு இருக்கிறதே!

"மூணு புத்தாண்டும் முடிஞ்சிருச்சு. இனி என்ன பண்ணப்போறீங்க?" என்றாள் மனைவி கியோங்-ஓக்.

"மே மாசம் புத்தர் பொறந்தநாள் வருதுல்ல?"

"அவரு பொறந்தாதான் நீங்க நடப்பீங்களா?" அவள் குரலில் கேலி இருந்தது, பயமும் இருந்தது. அவள் அக்காவின் புருஷன் இதே சர்க்கரையில் ஒரு காலை இழந்தவர்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல நாளும் இல்லை, கெட்ட நாளும் இல்லை. மாலையில் பேஸ்பால் ஆட்டம் தொடங்கும் நேரம். மான்-ஹோ நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினார். டிவி ரிமோட்டைக் காணோம். ஜன்னல் வழியே பார்த்தால், கியோங்-ஓக் குன்றுப் பாதையில் போகிறாள். அவள் கையில் ரிமோட்!

வீட்டுச் செருப்போடு ஓடினார். "ஏய்! குடுத்துட்டுப் போ!"

"வந்து வாங்கிக்குங்க!"

"ஆட்டம் ஆரம்பிச்சிரும்டி!"

"அப்ப வெரசா வாங்க!"

திட்டிக்கொண்டே ஏறினார். அவள் நின்றாள், இவர் கை நீட்டினார், அவள் மறுபடி நடந்தாள். கடைக்காரி கூப்பிட்டது காதில் விழவில்லை. கோபம் தணிந்து நிமிர்ந்தபோது உச்சி மண்டபத்தில் நின்றார். கீழே ஊர் தெரிந்தது. தான் ஏறியிருப்பது தெரிந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே கைபேசியை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"குழுவுல சொல்லணும்ல? இன்று முதல்..."

அவள் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். "ஒரு வார்த்தை சொல்லாதீங்க. சபதம் வேண்டாம், படம் வேண்டாம். பேசாம எறங்குங்க."

அது இருக்கிறதே, நாற்பது பேரிடம் சொல்லாமல் இருப்பது, அதுதான் மான்-ஹோ ஏறிய மலைகளிலேயே பெரிய மலை. நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். மறுநாளும் ரிமோட் காணாமல் போனது. மூன்றாம் நாள் அது மேசை மேலேயே கிடந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஐந்தாம் நாள் மழை. போகவில்லை. ஆறாம் நாள், தீட்டுக் கழிக்காமலே போனார்.

மே மாதக் கடைசியில் மருத்துவர் தாளைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நல்லாக் கொறஞ்சிருக்கே! ஊசி வேண்டாம். நடக்க எப்ப ஆரம்பிச்சீங்க?"

மான்-ஹோ திருதிருவென்று விழித்தார். "இன்னும் ஆரம்பிக்கலீங்களே டாக்டர்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, அப்படியே நம் ஆள் என்று ஒரு நண்பரின் முகம் நினைவுக்கு வந்து, அவருக்கு இதை அனுப்பிவைக்க வேண்டும் என்று தோன்றியதா? சரிதான். இதைப் படிக்கும் அவருக்கும் இப்போது உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்திருக்கும்.