என் மூக்கில் உட்கார்ந்த அந்துப்பூச்சி

ஒரு பூச்சியைப் புதிய இனம் என்று உலகத்துக்கு அறிவிக்க வேண்டுமானால் முதலில் அதைக் கொல்ல வேண்டும். கொன்று, உலர்த்தி, ஊசியில் குத்தி, பெட்டியில் வைத்து, அதற்கப்புறம்தான் பெயர் சூட்டு விழா. (பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம்.) இதை நான் பொதுவாக யாரிடமும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. ஒரே ஒரு முறை சொன்னேன்; அதற்கு அப்பா தந்த பதிலை இன்றுவரை என்னால் மறுக்க முடியவில்லை.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. என் பாடம் சின்ன அந்துப்பூச்சிகள். சின்னது என்றால் உங்கள் மனதில் இப்போது வருகிற சின்னது இல்லை. ஒரு அரிசியை எடுத்து நொய்யாக உடைத்தால் அதில் ஒரு துண்டு வருமே, அந்த அளவு. தீபாவளிக்குப் பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது, அப்பாவின் வயலுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்து உட்கார்ந்திருந்தேன். செம்பு நிறச் சிறகில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்ட நான்கு பூச்சிகள் வந்து ஒட்டின. கல்லூரிக்குத் திரும்பியதும் என் பேராசிரியர் நுண்ணோக்கியில் பார்த்தார், புத்தகங்களைப் புரட்டினார். பிறகு, "இது யாரும் எழுதாத இனம்மா" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஆனா நாலும் ஆண். பெண் இல்லாம அனுப்பினா கட்டுரை திரும்பி வந்துடும். போய்த் தேடு" என்றும் சொன்னார்.

என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அந்தப் பூச்சிதான். அது நின்றால் நான் டாக்டர். விழுந்தால் இன்னும் எத்தனை வருஷமோ. ஆகவே மார்கழியில் மறுபடி ஊருக்கு வந்து, வாய்க்கால் கரையில் தினமும் துணி கட்டினேன். ஆண்கள் வந்தன. பெண் வரவே இல்லை. இந்த வகையில் பெண்கள் லேசில் விளக்குக்கு வராது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கு மாப்பிள்ளை தேடி எங்க செருப்பு தேயுது. நீ பூச்சிக்குப் பொண்ணு தேடுறியா? ஒரு மூக்குத்தி போட்டுக்கடின்னு எத்தனை நாளா சொல்றேன், அதுக்கு மட்டும் உனக்கு நேரமில்லை."

இந்த நிலையில் நான் விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். மாமா அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில் சில காலம் இருந்துவிட்டு வந்து ஊரில் டிராக்டர் வைத்திருக்கிறார். நல்ல சேதி காதில் விழுந்தால் அவருக்கு உடனே பிளெக்ஸ் அடித்தாக வேண்டும். காது குத்தல், பத்தாம் வகுப்பு ரிசல்ட், டிராக்டருக்கு இன்ஜின் மாற்றியது, எல்லாவற்றுக்கும் அடித்திருக்கிறார்.

மறுவாரம் பேருந்து நிறுத்தத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், பனைமர உயரத்துக்கு. (சரி, பனைமரத்தில் கால்வாசி.) 'பூச்சியைக் கண்டெடுத்த பூமகளே, வருக!' என்று மேலே. என் முகம் ஒரு கட்டிலுக்கு விரிக்கும் அளவில். பக்கத்தில் நீலமும் மஞ்சளுமாக ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி.

"மாமா, இது என் பூச்சியே இல்ல."

"நீ அனுப்புன போட்டோவுல ஒண்ணுமே தெரியலடி. தூசு மாதிரி இருக்குன்னு கடைக்காரன் அழிச்சுட்டான். இது எடுப்பா இருக்குல்ல?"

எடுப்பாகத்தான் இருந்தது. எதிரில் ரெண்டு போகஸ் லைட் வேறு. மாமா ஏற்பாடு செய்திருந்த பாராட்டு விழாவுக்கும் ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் கூச்சம், நிறைய ஆசை. யாராவது கையெழுத்துக் கேட்டால் ஆங்கிலத்தில் போடுவதா தமிழில் போடுவதா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். (ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை.)

சாயங்காலம் ஊர் கூடியது. ஊராட்சித் தலைவர் சால்வை போர்த்தினார். பேசி முடித்ததும் அவரே மைக்கை நீட்டி, "இது புதுசுன்னு எதை வச்சும்மா கண்டுபிடிச்சே?" என்றார்.

நியாயமான கேள்வி. உண்மையான பதில், ஆண் பூச்சியின் பிறப்புறுப்பை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன் என்பது. சின்ன அந்துப்பூச்சிகளை அப்படித்தான் பிரித்து அறிய முடியும். முன்வரிசையில் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில் ஜாதகம் கொண்டுவந்திருந்த ஒரு அம்மாள். "உள்ளமைப்பை வச்சுங்க" என்றேன்.

அப்போது ரங்கசாமி அண்ணன் எழுந்தார். எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. "பறக்கிற பூச்சி பயிரைத் திங்காதுன்னு எங்களுக்கும் தெரியும் பாப்பா. அது முட்டை வச்சு, அதுலேர்ந்து வர்ற புழு இருக்கு பாரு, அது எதைத் திங்கும்?"

"அது இன்னும் தெரியலைங்க அண்ணே."

எங்கள் துறைக் கூட்டத்தில் இப்படிச் சொன்னால் மரியாதை. நேர்மையான ஆய்வாளர் என்பார்கள். அந்தக் கூட்டத்திலோ பின்வரிசைக்காரர்களும் எழுந்து நின்றார்கள். சம்பா கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற சமயம் அது. போன வருஷம்தான் குருத்துப்பூச்சி அடித்துப் பாதி வயல் மணி பிடிக்காத வெள்ளைக்கதிராக நின்றது.

"நெல்லைத் திங்குமா, திங்காதா? அதைச் சொல்லு."

திங்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ விஞ்ஞானி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "திங்காதுன்னு இப்போதைக்கு உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றேன்.

கூட்டம் கலைந்துவிட்டது. அண்டா நிறைய இருந்த கேசரியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் நேராகப் பூச்சிமருந்துக் கடைக்குப் போனார்கள். நான் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அன்றைக்குத் துணி கட்டவும் போகவில்லை.

காலையில் பனி விலகுமுன்பே பவர் ஸ்பிரேயர் சத்தம். ஓடினேன். ரங்கசாமி அண்ணன் வயலில் புகை மாதிரி மருந்து எழும்புகிறது. வாய்க்கால் கரையில் நான் துணி கட்டும் இடத்தில், புல்லும் பொடுதலையும் நனைந்து சொட்டுகின்றன. எங்கள் வயலில் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நிற்பது யாரென்று பார்த்தால் அப்பா.

"அப்பா! நீங்களுமா? அந்தப் பூச்சி இந்தக் கரையைத் தவிர வேற எங்கயும் இருக்கான்னே தெரியாதுப்பா! இது போச்சுன்னா எல்லாமே போச்சு!"

அப்பா கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீதானே பாப்பா தெரியாதுன்னே. தெரியாதுங்கறதை நம்பிக் கதிரை விட்டுட்டு உக்கார முடியுமா? சுத்தி எல்லாரும் அடிக்கிறான். நான் அடிக்கலேன்னா இருக்கிற பூச்சியெல்லாம் நம்ம வயலுக்குத்தான் வரும்."

வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். யாருமே பார்க்காத ஒரு உயிர். அதைப் பார்த்த ஒரே ஆள் நான். பார்த்ததைப் பெருமையாகச் சொன்னதே அதற்கு எமனாகிவிட்டது. அந்த அழுகை ஆய்வேட்டுக்காக மட்டும் இல்லை.

அழுகை தீர்ந்ததும் ஆத்திரம் வந்தது. அந்தப் பிளெக்ஸைக் கிழித்தே தீருவது என்று பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். மாமா போகஸ் லைட்டுகளை அணைக்கச் சொல்ல மறந்திருந்தார். ராத்திரி முழுக்க எரிந்து, விடிந்தும் எரிந்துகொண்டிருந்தன. பிளெக்ஸ் முழுவதும் பூச்சி. அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. வெளிச்சம் பாய்ச்சிய வெளிறிய பெரிய பரப்பு. நான் நாள் கணக்காக வாய்க்கால் கரையில் கட்டியதும் இதே சமாசாரம்தான், என்னுடையது கைக்குட்டை அளவு.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினேன். வண்ணத்துப்பூச்சியின் மேல் இல்லை. 'பூமகளே' என்ற எழுத்தின் மேல் இல்லை. என் முகத்தில், இடது மூக்கில், சரியாக மூக்குத்தி குத்தும் இடத்தில், செம்பு நிறத்தில் ஒரு துளி. குறுக்கே வெள்ளைக் கோடு.

எட்டாது. டீக்கடை பெஞ்சை இழுத்தேன். அதன்மேல் ஸ்டூல். ஏறினால் ஸ்டூல் ஆடுகிறது. திரும்பினால் அப்பா, சமாதானம் சொல்ல வந்தவர், முதுகில் டேங்க்கோடு.

"கிட்ட வராதீங்க! மருந்து வாடை!" என்று நான் போட்ட கூச்சலில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். அப்பா டேங்கைத் தூரத்தில் இறக்கிவிட்டு, அடிபைப்பில் கைகால் கழுவி, சட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டு வந்து ஸ்டூலைப் பிடித்தார். நேற்று சால்வை வாங்கிய விஞ்ஞானி, இன்று நைட்டிக்கு மேல் துண்டோடு, ஊர் பார்க்க, நைட்டிப் பையில் எப்போதும் கிடக்கும் கண்ணாடிக் குப்பியைத் தன் மூக்கருகே கொண்டுபோனாள்.

"சளி எடுக்குது போல" என்றார் கூட்டத்தில் யாரோ.

மூச்சுக்கூட விடவில்லை. குப்பியைக் கவிழ்த்தேன். உள்ளே வந்துவிட்டது. வயிறு ஆண்களைவிடக் கொஞ்சம் பருமன்; பெண்ணேதான். கீழே இறங்கினேன். அப்பா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் வயலோரம் இத்தனை காலமும் இருந்த ஒன்றை முதல்முறையாகப் பார்க்கிறார்.

"அழகாத்தான் இருக்கு. இதை என்ன பண்ணுவே இப்ப?"

"கொல்லணும்ப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். "இதுக்காம்மா அவ்வளவு அழுதே? அதைத்தானே நாங்க காலையிலேர்ந்து பண்ணிக்கிட்டிருக்கோம்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, குப்பியை ஜாக்கிரதையாக என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

கட்டுரை வந்தது. நான் டாக்டரும் ஆனேன். பூச்சியின் அறிவியல் பெயரின் இரண்டாம் பாதி 'மூக்குத்தி'. பெண் கிடைத்த இடம் என்ற வரியில், பேருந்து நிறுத்தம், விளம்பரப் பதாகையின் மேல் என்று இருக்கிறது. பேராசிரியர் எவ்வளவோ கேட்டும் அதற்கு மேல் விவரம் நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை: "பூச்சி போட்டுவிட்ட மூக்குத்தியைப் போட்டுக்கிட்டா. பெத்தவ சொன்னா கேக்கல." புழு எதைத் தின்னும் என்பது இன்றுவரை தெரியாது. ஊருக்குப் போனால் ரங்கசாமி அண்ணன், "என்ன பாப்பா, திங்குதா?" என்று விசாரிக்காமல் விடுவதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்தக் கரையில் துணி கட்டிவிட்டேன். ஆணும் வரவில்லை, பெண்ணும் வரவில்லை. வேறு எங்கும் யாரும் பார்த்ததாகவும் சேதி இல்லை.

பிளெக்ஸ் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல்லைக் குவித்துப் போட்டிருக்கும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தால், "பாப்பாவை எடுத்து மூடுங்கடா!" என்று மாமா கத்துவார். ஊரே சிரிக்கும். மழையெல்லாம் என் முகத்தில் அடிக்கும், நெல் நனையாது.

மழை விட்டதும் அதை மடித்து வைப்பது அப்பாவின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். மடிப்பதற்கு முன் குனிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு இடத்தை மட்டும் உற்றுப் பார்ப்பாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதன் பிறகு எனக்குப் போன் வரும். நலம் விசாரிப்பார், சாப்பிட்டாயா என்பார், நெல் ஈரப்பதம் எவ்வளவு என்பதைச் சொல்வார். போனை வைக்கப்போகும்போது, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தது போல, குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

"மூக்குல இன்னைக்கும் ஒண்ணும் இல்லம்மா."